ஆங்கில அளவையும் தசம அளவையும்

அளவையும் நிறையும் அரசின் காவலுக்கு உரியன என்னும் கொள்கை தமிழ் மக்களுக்குப் புதியதன்று. அளவுப் பெயரும் நிறைப் பெயரும் எவ்வெழுத்துக்களை முதலாகக் கொண்டு வரும் என்பதைத் தொல்காப்பியர் ஒன்பது எழுத்துக்களைச் சுட்டி வரையறுத்தார். முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்களிலே ‘ஆடவல்லான்’ என்னும் பெயர் பூண்ட மரக்காலும், அப்பெயரே பூண்ட நிறைகல்லும் பேசப்படுகின்றன. ஆடும் பெருமான் திருப்பெயரை ஒரு மரக்காலுக்கு இட்டதன் கருத்து யாது? கொடுப்போனும் கொள்வோனும் ஒருவரை ஒருவர் ஐயுறலாம். ஆடவல்லானை இருவரும் ஐயுறார் என்பதே அது. அளவை என்பது கணக்குக்கு முன்னே நம்பிக்கையைச் சார்ந்த பொருள்.

அடியும் யாரும் இறாத்தலும் கலனும் கொண்ட ஆங்கில அளவையை விட்டு, மீற்றரும் கிலோகிராமும் இலீற்றரும் கொண்ட மெற்றிக் முறைக்கு உலக நாடுகள் மாறிய வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் கணக்கின் எளிமையையே எடுத்தோதுவர். பன்னிரண்டால் பெருக்கிப் பதினாறால் வகுத்து அல்லற்படுவதிலும், பத்தால் பெருக்குவது எளிது என்பது சிறுவர்க்கும் விளங்கும். அங்ஙனமாயின், இத்துணை எளிய ஒன்றை ஏற்பதற்கு அறிவிற் சிறந்த நாடுகள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தயங்கியது ஏன்? இங்கிலாந்து இன்றும் அரைவழியில் நிற்பதும், அதன் ஆட்சியிலிருந்து விடுபட்ட இந்தியா பத்தாண்டு நிரம்புமுன் வழியைக் கடந்து முடித்ததும் எவ்வாறு? இவ்வினாக்களுக்குரிய விடை பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் இல்லை, அங்காடியில் உளது.

ஆங்கில அளவை பழமையானது என்று பலர் எண்ணுவர். அதன் பெயர்கள் பழையனவே. ஆயினும் நாடு முழுவதற்கும் ஒன்றாக அதனை வகுத்த சட்டம் 1824ஆம் ஆண்டிலேதான் இயற்றப்பட்டது. 1826ஆம் ஆண்டு தை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. பிரான்சியர் மெற்றிக் முறையைச் சட்டமாக்கியது 1795இல். எனவே ‘பேரரசு அளவை’ என்று பெயர் சூட்டப்பெற்ற ஆங்கில முறை, மெற்றிக் முறைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டு இளையது. அதற்கு முன் மதுவுக்கு ஒரு கலனும் தானியத்துக்கு ஒரு கலனுமாக வழங்கிவந்த குழப்பத்தை நீக்கிப் பத்து இறாத்தல் நீர் கொள்ளும் கொள்ளளவே ஒரு கலன் என அச்சட்டம் விதித்தது. அதற்கு முன்னரே பிரிந்துபோன ஐக்கிய அமெரிக்கா பழைய மதுக் கலனையே வைத்துக்கொண்டது. அதனாலேயே ஆங்கிலக் கலன் 4.546 இலீற்றராகவும் அமெரிக்கக் கலன் 3.785 இலீற்றராகவும் இன்றளவும் வேறுபடுகின்றன.

அச்சட்டத்தில் அறிவியற் பெருமிதம் ஒன்றும் இருந்தது. நியம யார்க் கோல் எக்காலத்தேனும் அழிந்துபோமாயின், இலண்டனில் ஒரு செக்கனுக்கு ஒருமுறை வீசும் ஊசலின் நீளத்தைக்கொண்டு அதனை மீட்டுக்கொள்ளலாம் என்று சட்டமே வழி கூறிற்று. பத்தாண்டு செல்லுமுன் அந்தச் சோதனை வந்தது. 1834ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் பாராளுமன்றக் கட்டடம் தீப்பற்றி எரிந்தபோது யார்க் கோல் பழுதுற்றது. நியம இறாத்தல் காணாமலே போயிற்று. ஊசலைக் கொண்டு யாரை மீட்கப் புகுந்த அறிஞர், சட்டம் கூறிய வழி பிழைபட்டது என்று கண்டனர். முடிவில் முன்னமே செய்து வைத்திருந்த படிகளை ஒப்புநோக்கிப் புதிய நியமங்கள் ஆக்கப்பட்டன. 1855இல் சட்டம் அவற்றை ஏற்றது. இயற்கையிலிருந்து அளவையைப் பெறலாம் என்ற நம்பிக்கை தளர்ந்து, ஓர் உலோகத் துண்டே அளவை என்ற நிலை மீண்டது.

பிரான்சிலும் இதனையொத்த கதையே நிகழ்ந்தது. துன்கேர்க்கு முதல் பார்சலோனா வரை நெடுங்கோட்டின் ஒரு பகுதியைத் தெலாம்பரும் மெசேனும் 1792 முதல் 1798 வரை அளந்தனர். அவ்வளவையின் பயனாக வந்த பிளாற்றின மீற்றரும் கிலோகிராமும் 1799இல் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டன. ஆயினும் குடிமக்கள் அவற்றை எளிதில் ஏற்றாரல்லர். 1812இல் நெப்போலியன் பழைய பெயர்களைத் தாங்கிய இடைப்பட்ட அளவைகளைச் சில்லறை வாணிகத்துக்கு அனுமதித்தான். 1837இல் இயற்றிய சட்டத்தின்படி 1840ஆம் ஆண்டு தை முதல் நாளிலிருந்து மெற்றிக் முறையே கட்டாயமாயிற்று. பிறந்த நாட்டிலேயே மெற்றிக் முறை வேரூன்ற நாற்பத்தைந்து ஆண்டு சென்றது என்பதும், இரண்டு முறையும் அருகருகே இருந்தவரை புதியது வெல்லவில்லை என்பதும் கருதத்தக்கன.

இங்கிலாந்தில் 1862இல் கூடிய பாராளுமன்றத் தெரிகுழு மெற்றிக் முறையை ஏற்குமாறு விதந்துரைத்தது. அதன் விளைவாக வந்த 1864ஆம் ஆண்டுச் சட்டமோ விந்தையானது. ஒப்பந்தங்களில் மீற்றரையும் கிலோகிராமையும் எழுதலாம் என்றது. ஆனால் கடையிலே கிலோகிராம் படிக்கல்லை வைத்திருப்போன் தண்டனைக்கு உட்படும் நிலையை அது மாற்றவில்லை. எழுதலாம், நிறுக்கக்கூடாது! 1871இல் மெற்றிக் முறையைக் கட்டாயமாக்கும் மசோதா மக்கள் சபைக்கு வந்தது. ஆதரவாக 77 வாக்கும் எதிராக 82 வாக்கும் விழுந்தன. ஐந்து வாக்கினால் தோற்ற அம்மசோதா வென்றிருந்தால், ஆங்கிலேயரின் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் அளவை வரலாறு வேறாக அமைந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

பின்னரும் முயற்சி நின்றபாடில்லை. 1895இல் வேறொரு தெரிகுழு இரண்டாண்டுத் தவணையில் கட்டாயமாக்குமாறு கூறிற்று. 1897ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயத்தை விட்டு அனுமதியை மட்டும் தந்தது. 1907இல் இன்னொரு மசோதா தோற்றது. கெல்வின் பிரபு போன்ற பௌதிக அறிஞர் மெற்றிக் முறையை ஆதரித்தனர். மெய்யியலாளர் ஏர்பேட்டு ஸ்பென்சரோ அதனை வன்மையாக எதிர்த்து 1896இல் பத்திரிகையில் எழுதினார். ஸ்பென்சரின் எதிர்ப்பைப் பழமைப் பற்று என்று தள்ளிவிடுவது முறையன்று. பத்து என்னும் எண் இரண்டாலும் ஐந்தாலுமே மீதியின்றி வகுபடும். பன்னிரண்டோ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு ஆகிய நான்கினாலும் வகுபடும். பங்கிட்டு விற்பவனுக்கும் பாதியாக்கி வாங்குபவனுக்கும் பன்னிரண்டும் பதினாறுமே உறவு, பத்து உறவன்று. இவ்வாதத்தின் வலிமை இந்திய வரலாற்றைக் காணும்போது நன்கு புலப்படும்.

மக்கள் சபையில் மசோதா தோற்ற அதே 1871ஆம் ஆண்டில் இந்தியாவிலே மேயோ பிரபு அரசப் பிரதிநிதியாய் இருந்தபோது ஒரு சட்டம் நிறைவேறியது. நிறைக்கு அடிப்படை அலகு ‘சேர்’ என்றும், அந்தச் சேர் பிரான்சியக் கிலோகிராமுக்குச் சமமாதல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதித்தது. நாட்டுப் பெயரை வைத்துக்கொண்டு அதன் உள்ளீட்டை மட்டும் மாற்றும் நுட்பமான திட்டம் அது. ஆனால் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மேயோ அந்தமான் தீவில் கொலையுண்டார். சட்டமும் ஏட்டளவில் நின்றது. தாய்நாட்டில் தோற்ற முறையைக் குடியேற்ற நாட்டில் நாட்டுவதற்கு இலண்டனில் ஊக்கம் இல்லாமற் போனது வியப்பன்று.

அதன்பின் எண்பத்தைந்து ஆண்டு இந்தியா நிறைகளின் காடாகவே கிடந்தது. மணங்கு என்னும் ஒரு சொல்லையே நோக்குக. வங்காளத்து மணங்கு 82 இறாத்தலுக்குச் சற்று மேல். பம்பாய் மணங்கு 28 இறாத்தல். சென்னை மணங்கு 25 இறாத்தல். ஒரே சொல்லைச் சொல்லி மூன்று பங்குக்கு மேல் வேறுபட்ட பொருளைக் கொள்ளவும் கொடுக்கவும் கூடும். சென்னையில் மூன்று தோலா ஒரு பலம். எட்டுப் பலம் ஒரு சேர். ஐந்து சேர் ஒரு வீசை. எட்டு வீசை ஒரு மணங்கு. இருபது மணங்கு ஒரு கண்டி. தொல்காப்பிய உரையாசிரியர் நிறைப் பெயருக்கு உதாரணமாகக் காட்டிய ‘பலம்’ என்ற சொல், 1950களிலும் சென்னைப் பலசரக்குக் கடைத் தராசில் உயிரோடு இருந்தது. நெல்லும் அரிசியும் அளக்கும் படியோ ஊருக்கு ஊர் வேறு. இவற்றுக்கு மேலே ஆங்கில இறாத்தலும் தொன்னும் துறைமுகத்திலும் அலுவலகங்களிலும் வழங்கின. இருப்புப் பாதைகள் வங்காள மணங்கைக் கைக்கொண்டன. சில்பராட்டு என்பவரின் தலைமையில் 1913இல் அமைந்த குழு அதனையே நாடு முழுவதற்கும் பொதுவாக்கச் சொன்னது. 1939இல் ஒரு நிறைச் சட்டமும் வந்தது. குழப்பம் குறைந்ததேயன்றி ஒழியவில்லை.

இக்காட்டிலும் ஒரு நுட்பம் இருந்தது. 1835ஆம் ஆண்டு முதல் வெளிவந்த வெள்ளி ரூபாயின் நிறை சரியாக 180 கிரேன், அதாவது ஒரு தோலா. எண்பது ரூபாயைத் தட்டில் இட்டால் ஒரு வங்காளச் சேர். வாங்குபவன் மடியில் இருந்த காசே கடைக்காரன் படிக்கல்லுக்குச் சாட்சி. இதனினும் வலிய சாட்சி வாய்பாடு. ரூபாய்க்குப் பதினாறு அணா. மணங்குக்கு நாற்பது சேர். மணங்கு பத்து ரூபாயானால் சேர் நான்கு அணா. சென்னையிலோ வீசைக்கு நாற்பது பலம். வீசை இரண்டரை ரூபாயானால் பலம் ஓர் அணா. எழுதத் தெரியாத கிழவியும் இதனை விரல் மடக்காமற் சொல்வாள். அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைந்து பதினாறில் ஒன்றில் நிற்கும் தமிழ்ப் பின்னக் கணக்கும், பதினாறு அணாவைக் கொண்ட ரூபாயும் ஒன்றுக்கொன்று அமைந்த அச்சும் சக்கரமும் போன்றன. திண்ணைப் பள்ளிக்கூடத்து எண்சுவடி தலைமுறை தலைமுறையாகப் பயிற்றியது இதனையே. நூறை நான்குமுறை பாதியாக்கினால் ஆறே கால் வரும். அது காசாக வராது. தசம முறை வந்தபோது கற்றவனுக்குச் சுமை இறங்கிற்று. கல்லாதவன் கையிலிருந்த கருவி பறிபோயிற்று. மாற்றத்தைப் பாராட்டி எழுதுவோர் இவ்விழப்பைப் பெரும்பாலும் காண்பதில்லை.

சுதந்திரம் பெற்ற 1947ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய நியமங்கள் நிறுவனம், 1949இல் ஒரு சிறப்புக் குழுவின் வாயிலாக மெற்றிக் முறையை ஏற்குமாறு அரசுக்கு அறிவுறுத்தியது. அதன் இயக்குநர் இலால் சந்த் வர்மன் காட்டிய காரணம் ஆழ்ந்து நோக்கற்குரியது. நாட்டின் தொழிற்சாலைகள் இன்னும் பெருகவில்லை. பெருகிய பின் ஒவ்வொரு பொறியையும் ஒவ்வோர் அச்சையும் மாற்றும் செலவு தாங்கவொண்ணாததாகும். ஆதலால் வறுமையின் காலமே மாற்றத்துக்கு உரிய காலம் என்பது அக்காரணத்தின் சாரம். இங்கிலாந்தின் தயக்கத்துக்குப் பெருந்தொழில் எவ்வாறு காரணமாயிற்றோ, அவ்வாறே இந்தியாவின் துணிவுக்குத் தொழிலின்மை காரணமாயிற்று. பிரதமர் சவகர்லால் நேரு இதனை மனமார ஆதரித்தார். 1955இல் நாணயச் சட்டம் திருத்தப்பட்டது. 1956ஆம் ஆண்டின் இறுதியில் நிறை அளவைச் சட்டம் நிறைவேறியது.

முதலில் மாறியது காசு. 1957ஆம் ஆண்டு சித்திரை முதலாந் திகதி, அதாவது ஆங்கிலக் கணக்கில் ஏப்பிரில் 1ஆம் நாள், 16 அணாவும் 64 பைசாவும் 192 பையும் கொண்டிருந்த ரூபாய் 100 புதுப் பைசாவாயிற்று. பழைய பைசாவோடு மயங்காதிருக்க ‘நயா பைசா’ என்று பெயரிட்டனர். 1964இல் அவ்வடைமொழி நீக்கப்பட்டது. நான்கு அணாவுக்கு 25 பைசா என்பதில் சிக்கல் இல்லை. ஓர் அணாவுக்கு 6¼ பைசா. கால் பைசாவுக்குக் காசு இல்லை. அரசு வெளியிட்ட மாற்று அட்டவணைப்படி ஓர் அணா 6 பைசா, இரண்டு அணா 12 பைசா, மூன்று அணா 19 பைசா. இதன் பொருளை ஆராய்ந்தால் அங்காடியின் இயல்பு விளங்கும். அணாவுக்கு ஒன்று என விற்ற பண்டத்தை நான்கு நாள் தனித்தனியே வாங்குபவன் அட்டவணைப்படி 24 பைசா கொடுப்பான். ஒருசேர வாங்குபவன் 25 பைசா கொடுப்பான். கடைக்காரன் ஆறை ஏழாக்கிவிட்டாலோ தனித்தனியே வாங்கியவன் 28 பைசா கொடுத்தவனாவான். காற்பைசா எவர் பக்கம் சாய்கின்றது என்பதே கேள்வி. சில்லறையாக வாங்குபவன் ஏழை. மொத்தமாக வாங்குபவன் வசதி படைத்தவன். எனவே அளவை மாற்றத்தின் நுண்ணிய வரி ஏழையின் மேலேயே விழும் ஆபத்து எப்போதும் உண்டு. ஒவ்வொரு கடையிலும் அட்டவணை தொங்கவேண்டிய தேவை இதனால் எழுந்தது.

நிறைகள் 1958ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மாறத் தொடங்கின. நாடு முழுவதும் ஒரே நாளில் மாறவில்லை. தெரிந்தெடுத்த பகுதிகளிலும் சணல், இரும்பு, சீமெந்து, துணி முதலிய தொழில்களிலும் முதலில் மாற்றம் புகுந்தது. பழையதும் புதியதும் சிலகாலம் சேர்ந்து வழங்க இடம் தரப்பட்டது. பின் அப்பகுதிகளில் பழையது விலக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு ஏப்பிரில் முதலாந் திகதி நாடு முழுவதும் கிலோகிராமே சட்டத்துக்கு உட்பட்ட நிறையாயிற்று. இம்முறையின் சிறப்பு எங்கே உளது? இடைக்காலம் இருந்தது; ஆனால் அதற்கு எல்லை இருந்தது. ஒரு சேர் 933 கிராம். ஒரு கிலோகிராம் அதனினும் ஏழு வீதம் மிகுதி. வீசை ஏறத்தாழ 1400 கிராம். இவை இரண்டும் ஒரே தெருவில் நெடுங்காலம் வழங்குமாயின், விலையைக் கிலோவுக்குச் சொல்லிச் சேரால் நிறுப்பவனுக்குக் கொள்ளை இலாபம். படிக்கல் சோதிக்கும் அரச அலுவலர், பழைய கல்லைக் கைப்பற்றும் அதிகாரத்தோடு சந்தைக்குச் சென்றமையால்தான் இவ்வாபத்து அளவோடு நின்றது.

புதிய படிக்கற்கள் 1, 2, 5 என்னும் வரிசையில் வார்க்கப்பட்டன: 50, 100, 200, 500 கிராம் என்றவாறு. 250 கிராமுக்குத் தனிக் கல் இவ்வரிசையில் இல்லை. மக்கள் நாவோ ‘கால் கிலோ’, ‘அரைக்கால் கிலோ’ என்றே பேசத் தலைப்பட்டது. கடைக்காரன் 200ஐயும் 50ஐயும் சேர்த்து இட்டுக் கால் கிலோவை நிறுத்தான். பாதியாக்கும் பழைய வழக்கம் தசம முறைக்குள்ளேயே இடம் பிடித்துக்கொண்டது. சட்டம் தராசை மாற்றியதேயன்றி வாய்மொழியை மாற்றவில்லை. பாரிசிலிருந்து பெற்ற 57ஆம் இலக்கக் கிலோகிராம் முன்மாதிரி புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் நாட்டின் நியமமாக வைக்கப்பட்டது. பலசரக்குக் கடையில் இருந்த இரும்புக் கல்லின் பரம்பரை அங்கே சென்று முடிந்தது.

இந்தியா மாறி முடிந்த மூன்றாம் ஆண்டில் இங்கிலாந்து மீண்டும் எழுந்தது. தொழில் அதிபர்களே இம்முறை அரசை வேண்டினர். அவர்கள் பொருள் விற்ற நாடுகள் பெரும்பாலும் மெற்றிக் முறையைத் தழுவிவிட்டன. 1965ஆம் ஆண்டு மே மாதத்தில் வாணிகச் சபைத் தலைவர் டக்ளஸ் ஜே பத்தாண்டில் மாற்றம் நிறைவுறும் என்று பாராளுமன்றத்தில் அறிவித்தார். அதற்கு முன்னரே, 1959இல் ஆங்கில மொழி நாடுகள் செய்துகொண்ட உடன்பாட்டினால் ஒரு யார் என்பது 0.9144 மீற்றர் என்றும், ஓர் இறாத்தல் என்பது 0.45359237 கிலோகிராம் என்றும் வரையறுக்கப்பட்டிருந்தன. தன் காலில் நிற்காது கிலோகிராமின் தோளைப் பற்றி நிற்கும் இறாத்தலுக்காகவே பின்வந்த பூசல் அனைத்தும் நிகழ்ந்தது.

காசு 1971ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் மாறியது. 240 பென்ஸ் கொண்ட பவுண் 100 பென்ஸ் கொண்டதாயிற்று. நாள் குறித்துச் செய்தமையால் அது நிறைவேறிற்று. அளவைக்கோ அத்தகைய நாள் குறிக்கப்படவில்லை. 1969இல் அமைந்த மெற்றிக் சபை அறிவுரை கூறும் அதிகாரம் மட்டும் பெற்றது; கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கில்லை. தன்னார்வம் என்னும் இனிய சொல்லின் விளைவைக் கம்பள வாணிகத்தில் காணலாம். 1970களின் நடுவில் கம்பளம் விற்போர் சதுர மீற்றருக்கு விலை குறிக்கத் தொடங்கினர். சதுர மீற்றர் சதுர யாரினும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெரிது. ஆதலால் அதன் விலையும் பெரிதாகத் தோன்றும். எவனோ ஒருவன் மீண்டும் சதுர யாருக்கு விலை குறித்தபோது, அவன் கம்பளம் மலிவானதெனக் கண்ணுக்குத் தோன்றியது. அயற்கடைக்காரனும் பின்வாங்கினான், சில ஆண்டுகளில் அவ்வாணிகம் முழுவதுமே யாருக்குத் திரும்பியது. அங்கே எவரும் பழமைக்காகப் போராடவில்லை. எவரும் பொய்யும் சொல்லவில்லை. இரண்டு அளவை ஒருங்கே நிற்குமிடத்து நேர்மையுள்ளவன் முதலில் மாறினால் நட்டப்படுவான் என்பதே நிகழ்ந்தது. சபை 1980இல் கலைக்கப்பட்டது.

இதற்கு மாறாக, 1970இல் சட்டம் இயற்றிய அவுஸ்திரேலியா 1974ஆம் ஆண்டு யூலை மாதம் ஒன்றுக்குள் நாட்டின் வீதிப் பலகைகளை மைலிலிருந்து கிலோமீற்றருக்கு மாற்றியது. இங்கிலாந்தின் வீதிகளில் மைலும், மதுச்சாலைகளில் பைந்தும் இன்றும் சட்டத்தின் துணையோடு நிற்கின்றன. பொதி செய்யாத பண்டங்களையும் கிலோகிராமிலேயே விற்கவேண்டும் என்ற விதி 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் அங்கு வந்தபோது, சண்டலாந்து நகரத்து வணிகர் ஒருவர் வாழைப்பழத்தை இறாத்தலில் நிறுத்து விற்றுக் குற்றவாளியானார். 2002இல் அவ்வழக்கின் மேன்முறையீட்டில் வந்த தீர்ப்பு, அரசியலமைப்புத் தன்மை வாய்ந்த சட்டங்கள் ஏனைய சட்டங்களைப்போல் உட்கிடையாக நீக்கப்படா என்ற கோட்பாட்டுக்கு மேற்கோளாகச் சட்ட மாணவர் பயிலும் தீர்ப்புக்களில் ஒன்றாயிற்று. ஒரு சீப்பு வாழைப்பழம் அத்துணைத் தூரம் சென்றது!

இலங்கையின் வரலாறு மேற்கூறிய இரண்டோடும் ஒவ்வாதது. இங்கே தசமக் காசு 1872ஆம் ஆண்டிலேயே நிலைபெற்றது. பவுண், சிலிங், பென்ஸ் என்ற கணக்கை நீக்கி, ரூபாவும் அதன் நூறில் ஒன்றாகிய சதமும் அவ்வாண்டு வழக்கிற்கு வந்தன. ஆட்சி செய்த இங்கிலாந்துக்கு 99 ஆண்டும், அயலிலுள்ள இந்தியாவுக்கு 85 ஆண்டும் முந்தியது இம்மாற்றம். காசு மாறினால் அளவை தானே மாறும் என்று கூறுவார்க்கு இலங்கையே மறுப்பு. ஒரு நூற்றாண்டுக் காலம் இத்தீவின் மாணவர் காசைப் பத்தாலும், துணியைப் பன்னிரண்டாலும், சீனியைப் பதினாறாலும் கணித்தனர். இரண்டும் ஒன்றையொன்று தீண்டாமலே வாழ்ந்தன. 1970களிலேதான் அரசு முயன்று மெற்றிக் முறையைப் படிப்படியாக வழக்கிற்குக் கொண்டுவந்தது. 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் அளவீட்டு அலகுகளுக்கும் நியமங்களுக்கும் உரிய திணைக்களம் அமைந்தது.

கடைத் தராசில் கிலோகிராம் வென்றது. ஆயினும் நிலத்தில் அது நுழையவில்லை. யாழ்ப்பாணத்து உறுதிகளில் பரப்பும் இலாச்சமும் இன்றும் எழுதப்படுகின்றன. பரப்பு ஒன்றுக்குப் பத்துப் பேர்ச்சு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். கொழும்பிலும் காணி விலை பேர்ச்சினாலேயே பேசப்படுகின்றது. ஒரு பேர்ச்சு 25.29 சதுர மீற்றர் என்பதை வாங்குபவனும் விற்பவனும் அறிய வேண்டிய தேவையே எழுவதில்லை. பழைய உறுதியின் எல்லையோடு புதிய உறுதி பொருந்த வேண்டுமாதலால், நிலத்தில் ஓர் அளவையை மாற்றுவது அயலவன் வேலியைத் தொடுவதற்கு ஒப்பாகும். ஆங்கில நாணயமாகிய சவரினின் நிறை 7.988 கிராம், பொற்கொல்லரோ அதனை 8 கிராம் ஆக்கிப் ‘பவுண்’ என்னும் பெயரை வைத்துக்கொண்டனர். தாலிக்கொடியின் நிறை இன்றும் பவுணிலேயே பேசப்படும்.

பாண் இன்னும் நுட்பமான உதாரணம். வெதுப்பகத்தில் ‘ஓர் இறாத்தல் பாண்’ என்று கேட்பவன் பெறுவது 450 கிராம் நிறையுள்ள பாண்; அந்நிறை அரச விதியால் வரையறுக்கப்பட்டது. இறாத்தல் என்பது 453.6 கிராம். அளவை மாற்றத்தின்போது இறாத்தலைச் சுற்றெண்ணாக்கியதில் மூன்றரைக் கிராம் அளவு பாண் குறைந்தது. அதனை எவரும் பொருட்படுத்தவில்லை. ஆயினும் விலையை உயர்த்தத் தயங்கும் காலங்களில் பாணின் நிறை தானே குறைவதும், அதிகாரிகள் தராசோடு வெதுப்பகங்களுக்குச் செல்வதும், நிறையைக் காட்சிப்படுத்துமாறு கட்டளை பிறப்பதும் இந்நாட்டில் பலமுறை நிகழ்ந்தன. இறாத்தல் என்னும் பெயர் அங்கே நிறையைக் குறிப்பதில்லை. பாணின் வடிவத்தையே குறிக்கின்றது. நிறையைக் குறிப்பது கிராம்.